காயாத கரடு

எங்கள் கரட்டூரில் கரடு சாய்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கரடு என்றால், மலை என்று சொல்லிக்கொள்ள நாங்கள் ஆசைப்படுகிற ஒரு குன்று. உச்சியில் கரட்டுராயர் கோயில், அடியில் பள்ளிக்கூடம், நடுவில் ஆடுகள். அது சாய்ந்ததற்குக் காரணம் நிலநடுக்கம் இல்லை, கலிகாலம் இல்லை, கல் உடைக்கிறவர்கள்கூட இல்லை. பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையரான நாச்சிமுத்துவின் சம்சாரம் வசந்தாமணி, பேரன் எடுத்த வயதில், சமையல்கட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஆயில் பெயின்டிங் பழக ஆரம்பித்ததுதான் காரணம் என்பது எங்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதே அடுப்பை அணைப்பதற்குள் தெரிந்துவிடும், கரடு சாய்ந்த சமாச்சாரமா தெரியாமல் போகும்.

வசந்தாமணியின் வீடு ஊரிலேயே சத்தமில்லாத வீடு. ஒரே மகள் கவுசல்யா கல்யாணமாகிப் பெங்களூரில் இருந்தாள். நாச்சிமுத்து வேலையில் இருந்த காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஏறி, அதில் என்ன தப்பு என்று பார்த்து இறங்கியவர். ரிட்டையரான பிறகு ஏறுவதற்கு பஸ் இல்லாததால் வீட்டுக்குள்ளேயே ஏறி இறங்கினார். ரசத்தில் உப்பு, வேட்டியில் மடிப்பு, குழாயில் சொட்டு, காலண்டரில் கிழிக்காத தேதி, எல்லாம் அவர் கண்ணில் படும். கெட்ட மனுஷன் இல்லை. அடித்ததில்லை, ஏசினதில்லை, குடித்ததும் இல்லை. ஆனால் நல்லாயிருக்கு என்ற ஒரு சொல்லை அந்த வாயிலிருந்து வாங்குவதற்குக் கல்லில் நார் உரித்துவிடலாம். ஆக மிஞ்சிப் போனால் குறையில்லை என்பார், அன்றைக்கு வசந்தாமணி வீட்டில் தீபாவளி.

கவுசல்யாவுக்கு ஆபீஸில் யாரோ பரிசாகக் கொடுத்த வர்ணப் பெட்டி ஒன்று கிடைத்தது. தங்களுக்கு வேண்டாததை அம்மாவுக்கு அனுப்புவதுதான் பிள்ளைகளின் வழக்கம் என்பதால் அது பார்சலில் கரட்டூர் வந்து சேர்ந்தது. உள்ளே பல் விளக்குகிற பேஸ்ட் மாதிரி ட்யூபுகள், சின்னதும் பெரியதுமாகப் பிரஷ்கள், சட்டத்தில் இழுத்து அடித்த ஒரு வெள்ளைத் துணி. செல்போனில் ஒரு தாடிக்காரப் பையன் பாடம் நடத்தினான். முதல் பாடம், உங்கள் ஜன்னலில் தெரிகிறதை வரையுங்கள் என்றான். பெயின்டில் எண்ணெய் கலந்துகொள்ளுங்கள் என்று பேர் ஒட்டாத ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினான். என்ன எண்ணெய் என்று அவன் சொல்லவில்லை. எண்ணெய் என்றால் என்னவென்று தெரியாத ஜனங்களும் உலகத்தில் இருப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எண்ணெயைப் பற்றி எல்லாம் தெரிந்த வசந்தாமணி ஒருத்தி இருப்பாள் என்றும் தோன்றவில்லை.

வசந்தாமணி அலமாரியைத் திறந்து யோசித்தாள். தேங்காயெண்ணெய் பனிக்கு உறைந்துபோகும், விளக்கெண்ணெய் பிசுக்கு, கடலை எண்ணெய் பலகாரத்துக்கு, வேப்பெண்ணெய் நாற்றம். சாமி விளக்குக்கும் ஆகும், சட்டினிக்கும் ஆகும், தலைக்கும் ஆகும் என்று எல்லாவற்றுக்கும் ஆகிற எண்ணெய் ஒன்றுதான் என்று, செக்கில் ஆட்டி வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்துத் தாராளமாக ஊற்றிக் கலந்தாள்.

அடியிலிருந்து கரட்டை வரைந்துகொண்டே போனவளுக்கு உச்சி வருவதற்குள் துணி முடிந்துவிட்டது. கரட்டை வெட்டவா முடியும், அப்படியே இடது பக்கம் வளைத்துவிட்டாள். பிரஷ் தடியாக இருந்ததால் கோயில் கொழுக்கட்டை மாதிரி வந்தது. படிக்கட்டைப் பாதி போட்டிருக்கும்போது பால் பொங்கிவிட்டது, எழுந்து போனவள் மீதியை மறந்துவிட்டாள். ஆனாலும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இதை யாரும் கேட்கவில்லை, யாரும் தின்னப் போவதில்லை, உடுத்தப் போவதில்லை, இதில் உப்பு பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. பிறந்ததிலிருந்து அவள் செய்ததிலேயே யாருக்கும் உபயோகமில்லாத முதல் காரியம் இதுதான் என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாச்சிமுத்து வந்து படத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியாகக் கரட்டைப் பார்த்தார், சாஞ்சிருக்குதே என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

மறுநாள் விடிந்தபோது கரடு சாய்ந்திருந்தது. உச்சி தெற்கே வளைந்து, கோயில் கொழுக்கட்டையாகி, படிக்கட்டு பாதியில் நின்றது. பால்காரர் அதைப் பார்த்துவிட்டு, கரடு சாஞ்சிருச்சு, நாளைக்கு ஒரு லிட்டர் சேர்த்து ஊத்தட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். நிழல் இடம் மாறியதால் பஸ் ஸ்டாப்பைத் தள்ளிப் போட்டார்கள். சிவப்புத் துண்டுக்காரர்கள் கரடே எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது என்று பட்டாசு வெடித்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், கிழக்கேயிருந்து பார்த்தால்தான் அது இடது, மேற்கேயிருந்து பார்த்தால் வலது என்று நோட்டீஸ் அடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்ந்த புலவர் குழந்தைவேலு, எந்த நேரமும் ஒரு தலபுராணத்துக்குத் தயாராக இருக்கிறவர், ஒரு பக்தையின் முறையீட்டைக் கேட்கக் கரட்டுராயர் செவி சாய்த்தார் என்று சாயங்காலத்துக்குள் பத்து விருத்தம் பாடிவிட்டார். கோயில் தர்மகர்த்தா சென்னியப்பன், தினசரி வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைக் கண்டு, சாய்ந்ததும் நல்லதற்குத்தான் என்று உண்டியலைப் பெரிதாக மாற்றினார்.

ஆனால் கரடு காயவில்லை.

எண்ணெய் காய்கிற எண்ணெயாக இருந்தால்தானே காயும். பாதிப் படிக்கட்டு வரை ஏறிப் போய்க் கும்பிட்டவர்கள் முழங்கால் வரைக்கும் பச்சையாக இறங்கி வந்தார்கள். ஆடுகளின் வயிறு பச்சை, காக்கையின் கால் பச்சை, உச்சியில் உரசிப் போன மழை மேகம்கூட அடியில் பச்சையோடு பக்கத்து ஊருக்குப் போய், அங்கே ஒரு கல்யாணப் பந்தலைப் பாழாக்கியது. ஊர் முழுக்க நல்லெண்ணெய் வாசம். அந்த வாசத்துக்கு உடம்புச் சூடு தணிந்து, கண் குளிர்ந்து, தலை கனத்து, எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் மாதிரி ஊரே சொக்கித் திரிந்தது. வரப்புத் தகராறுக்கு அரிவாளோடு கிளம்பிய பங்காளிகள் வழியிலேயே வேப்பமரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டார்கள். குழந்தைவேலு, ஆண்டவனின் ஈரம் என்று ஒரு படலத்தைச் சேர்த்தார்.

ஈரம் நின்ற இடத்தில் நிற்குமா. வசந்தாமணியின் படத்தில் வர்ணம் மெல்ல மெல்லக் கீழே இறங்க, கரடும் இறங்கியது. முதலில் கோயில் தேர் நிறுத்துகிற கொட்டகை உள்ளே போனது. அடுத்து பள்ளிக்கூடச் சுவரில் வந்து முட்டியது. வடக்குத் தெருக்காரர்கள் பீரோவைக் கயிற்றில் கட்ட ஆரம்பித்தார்கள். சென்னியப்பன் ஆட்களோடு வந்து, கொஞ்சம் சரி பண்ணிக் கொடுக்கும்படி வசந்தாமணியைக் கேட்டுக்கொண்டார். அவளும் ஒரு துணியை எடுத்துப் படத்தின் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தாள். கிழக்குச் சரிவு சேறாகக் குழம்பி, அதிலிருந்து ஆட்டுக்குட்டிகளைத் தூக்கி எடுப்பதற்குள் ஊருக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஏன் காயவில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போது நாச்சிமுத்து எழுந்தார். அவர் எழுந்திருக்க வேண்டாம். ஆனால் ஒரு தப்பைக் கண்டுபிடித்த பிறகு அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. செக்கில் ஆட்டின நல்லெண்ணெய் ஒரு சீசா குறைகிறது என்றும், அதைத்தான் பெயின்டில் கலந்திருக்கிறாள் என்றும், அந்த எண்ணெய் ஆயுசுக்கும் காயாது என்றும் சபையில் வைத்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்தில் இருந்த வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

நல்லெண்ணெய் என்ற பேச்சு காதில் விழுந்ததும் கூட்டத்துக்கு வழி தெரிந்துவிட்டது. எண்ணெய் தேய்த்தால் குளிப்பாட்ட வேண்டும், அவ்வளவுதானே. எண்ணெயை எடுக்க அரப்புத் தூளை விட்டால் வேறென்ன இருக்கிறது. அப்படியே விட்டால் கரட்டுக்குச் சளி பிடிக்கும் என்றுகூட ஒருவர் கவலைப்பட்டார். எந்தக் கிழமை என்பதில்தான் சண்டை. சாமி இருக்கிற கரடு ஆண்பிள்ளை, சனிக்கிழமைதான் முறை என்று ஆண்கள் சொன்னார்கள். ஊற்று சுரக்கிற கரடு பொம்பளை, வெள்ளிக்கிழமைதான் என்று பெண்கள் சொன்னார்கள். கடைசியில் வெள்ளிக்கிழமை அரப்புத் தேய்த்து, சனிக்கிழமை தண்ணீர் ஊற்றுவது என்று முடிவானது.

"கொஞ்ச நாளைக்கு அப்படியே உட்ருங்க" என்று வசந்தாமணி எழுந்து நின்று சொன்னாள். அந்தச் சபையில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல். "கரட்டைக் கழுவுனா என்ற படமும் போயிருமுங்க. நான் வரைஞ்சது அது ஒண்ணுதான்."

"ஊரு முழுகுது, உனக்குப் படமா முக்கியம்?" என்றார் சென்னியப்பன். வடக்குத் தெருவில் குழந்தை குட்டிகள் இருப்பது அவளுக்கும் தெரியும். அவள் புருஷனைப் பார்த்தாள்; அவர் கூரையில் ஓடு விலகியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியை மட்டும் பத்திரமாக இறக்கி, சென்னியப்பன் வீட்டுக் கார் ஷெட்டில், காருக்கும் மாவு மெஷினுக்கும் நடுவில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை மூட்டை மூட்டையாக அரப்பு வந்தது. விளக்குமாறு, தேங்காய் நார், மாடு தேய்க்கிற வைக்கோல் பிரி என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரே கரட்டின் மேல் ஏறித் தேய்த்தது. முதுகைத் தேய்க்கிறவன் காலைத் தேய்க்கிறவனைத் திட்ட, காலைத் தேய்க்கிறவன் காது மடலில் எண்ணெய் நிற்கிறது பார் என்று கத்த, கரட்டுக்குக் காது எது என்று இன்னொரு தகராறு. சனிக்கிழமை கல்யாண அண்டாக்களில் வெந்நீர் வைத்து, கை மாற்றிக் கை மாற்றி ஊற்றினார்கள். குளிப்பாட்டி முடித்துச் சாம்பிராணியும் போட்டார்கள். பச்சையும் பழுப்புமாகத் தண்ணீர் ஓடைக்கு இறங்கியது. அதோடு கோயிலும் பாறையும் படிக்கட்டும் மரங்களும் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின.

வசந்தாமணி வீட்டை விட்டு வரவில்லை. படத்துக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்து, கொழுக்கட்டைக் கோயில் முதலில் கரைந்து வழிவதையும், வளைந்த உச்சி நூலாக இறங்குவதையும், சமையல்கட்டுத் தரையில் பச்சைத் தண்ணீர் ஓடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைக்கவில்லை. அந்த வீட்டில் தரை துடைக்காமல் கிடந்தது அதுவே முதல் தடவை. நாச்சிமுத்து முழங்கை வரைக்கும் பச்சையாக வந்து நிலைப்படியில் நின்றார். தரையைப் பார்த்தார். வெறும் துணியாகிவிட்ட படத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

வசந்தாமணி திரும்பவில்லை. "கழுவறதுக்கு முன்னால சொல்லியிருக்கோணுமுங்க" என்றாள்.

கரடு இருந்த இடத்தில் வெள்ளைதான் இருந்தது. காக்கைகள் அதற்குள் பறந்து போய், இறங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தன. சாயங்காலச் சூரியன் எதற்குப் பின்னால் மறைவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே போனது. குழந்தைவேலு, ஆண்டவனின் அருவ நிலை என்று ஒரு படலம் எழுதினார், ஆனால் அதைக் கேட்க ஆள் வரவில்லை. கார் ஷெட்டில் மூன்று வேளையும் மணி அடிப்பதால் சென்னியப்பன் வீட்டம்மாவுக்குத் தலைவலி. சாமி வந்தால் வரம் கிடைக்கும் என்றார்கள், எனக்குக் கிடைத்தது மைக்ரேன்தான் என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஆகையால் எல்லோரும் மறுபடியும் வசந்தாமணியிடம் வந்தார்கள். இந்தத் தடவை ஆளுக்கொரு விருப்பத்தோடு வந்தார்கள். சென்னியப்பனுக்குக் கரடு சாயாமல் நட்டக்குத்தலாக, பழனிக்குப் போட்டியாக உயர்ந்து நிற்க வேண்டும், அடியில் கார் நிறுத்த இடம் வேண்டும். மனை விற்கிறவர் ஒரு ஏரி கேட்டார். சிவப்புத் துண்டு பழைய சாய்வையே கேட்டது, மற்ற கட்சி எதிர்ச் சாய்வைக் கேட்டது. ஒருத்தி தன் மாமியார் வீட்டை மறைக்கிற மாதிரி ஒரு பாறை போதும் என்றாள். எனக்கு வரலீங்க என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, வர்ணப் பெட்டியைப் பரண்மேல் போட்டாள் வசந்தாமணி.

அதன் பிறகு அந்த வீட்டில் எல்லாம் சரியாக நடந்தது. ரசத்தில் உப்பு சரி, வேட்டியில் மடிப்பு சரி, குழாயில் சொட்டு இல்லை, காலண்டரில் தேதி காலையிலேயே கிழிபட்டது. நாச்சிமுத்து வீடு முழுக்க ஏறி இறங்கிப் பார்த்தும் பிடிப்பதற்கு ஒரு தப்பு அகப்படவில்லை. வசந்தாமணி கோபமாகவும் இல்லை, அழவும் இல்லை; கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காததற்குச் சொல்லவில்லை. கடைசியில் அவருக்குப் பயம் வந்துவிட்டது. தான் ஒரு மனுஷியோடு இருக்கிறோமா, அல்லது ஆள் இல்லாத வீட்டுக்குக் காவல் இருக்கிறோமா என்று தோன்ற ஆரம்பித்ததும், ஒரு நாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினார்.

கடை கடையாக ஏறி, காயற எண்ணெய் வேணும் என்று கேட்டார். மருந்துக் கடையில் சிரித்தார்கள், மளிகைக் கடையில் முறைத்தார்கள். பொழுது சாயும்போது வர்ணம் விற்கிற கடை ஒன்றைக் கண்டுபிடித்து, ஆளிவிதை எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வந்து, அடுப்பு மேடையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது காயுமாம். கேட்டுட்டுத்தான் வாங்குனேன்" என்றார். வசந்தாமணி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன வரையோணும்னு சொல்றீங்க?" என்று கேட்டாள். அவருக்கு நட்டக்குத்தல் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. "அது எனக்கெப்புடித் தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஏணியைப் போட்டுப் பரண்மேல் ஏறினார்.

வசந்தாமணி ஜன்னலோரம் உட்கார்ந்த சேதி தெரிந்ததும் ஊர் திரண்டு வந்து வெளியே நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் என்று சொல்ல ஆரம்பித்தது. நாச்சிமுத்து கேட்டைச் சாத்திக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் குடிக்க ஒரு தடவை உள்ளே போனவர், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். துணியில் பென்சிலால் கோடு மட்டும் போட்டிருந்தாள். கரடு நட்டக்குத்தலாக, நூல் பிடித்த மாதிரி, ஒரு குறை சொல்ல இடமில்லாமல் நின்றது. அவள் அதைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ரப்பரை எடுத்து உச்சியை அழித்தாள். முன்னைவிடக் கொஞ்சம் கூடவே வளைத்துப் போட்டாள். இந்தத் தடவை துணியில் மேலே தாராளமாக இடம் இருந்தது. நாச்சிமுத்து வாயைத் திறந்தார், பிறகு அந்த வாயால் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

விடிந்தபோது கரடு வந்திருந்தது. படிக்கட்டு உச்சி வரைக்கும் முழுசாகப் போனது, கோயிலுக்குப் பூசாரி நிமிர்ந்து போகிற மாதிரி வாசல் இருந்தது, ஆடுகளுக்குப் புல் இருந்தது, வடக்குத் தெருவுக்கும் கரட்டுக்கும் நடுவில் போதுமான தூரம் இருந்தது. மற்றபடி கரடு ஒரே சாய்வாகச் சாய்ந்திருந்தது. அடியில், பள்ளிக்கூடச் சுவருக்கு மேலே, ஆள் உயர எழுத்தில் வசந்தாமணி என்று எழுதியிருந்தது. வெயில் ஏற ஏற எல்லாம் பொருக்குத் தட்டிக் காய்ந்துகொண்டிருந்தது.

சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார், அவருக்குப் பின்னால் ஊர் வந்தது. அத்தனை பேர் அத்தனை தடவை சொல்லியும் மறுபடியும் கோணலாகத்தான் வருமென்றால் பழகத் தெரியாதவர்கள் எதற்குப் பிரஷ்ஷை எடுக்க வேண்டும் என்றும், சாமி குடியிருக்கிற இடத்தில் பொம்பளை பேர் எதற்கு என்றும், காய்வதற்குள் இன்னொரு தடவை அரப்புப் போட்டுவிடலாம் என்றும் தெருவே கேட்கிற மாதிரி சொன்னார். வசந்தாமணி உள்ளே தோசைக்கல்லின் மேல் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டருகே உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, தப்பு கண்டுபிடித்தால் எழுகிற மாதிரியே மெதுவாக எழுந்தார்.

"என்ற சம்சாரத்துக்கு நட்டக்குத்தலாவும் வரையத் தெரியுமுங்க. நான் என்ற கண்ணால பார்த்தேன். சாச்சு வரையோணும்னு நெனச்சு வரைஞ்சிருக்கறா. பார்க்கப் புடிக்கலீன்னா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கோங்க."

தோசை கருகுகிற வாசம் வந்தது. வசந்தாமணி அதை எடுக்கவில்லை. கரண்டியைப் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சென்னியப்பன் வீம்புக்குக் கிழக்கே திரும்பி நின்றார், அவர் நின்றதால் ஊரும் நின்றது. அந்தப் பக்கம் தந்திக் கம்பமும், காலி மனையும், ஒரு எருமையும் இருந்தன. எவ்வளவு நேரம்தான் ஒரு எருமையைப் பார்ப்பது. பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக, யாரும் பார்க்காத மாதிரி, கரட்டுப் பக்கம் திரும்பினார்கள். கடைசியில் சென்னியப்பனும் திரும்பினார், திரும்பியவர் அதை ஒழுங்காகப் பார்ப்பதற்குத் தன் தலையையும் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருந்தது.